தன் வாலைக் கடிக்கும் மீன்

"சுழி பார்த்து மாடு பிடிச்சவன் ஏதோ ஆனான், குளம்பு பார்த்துப் பிடிச்சவன் வீடு வந்து சேர்ந்தான்." எத்திராஜின் தாய்மாமன் மாட்டுத் தரகர். சந்தையிலிருந்து திரும்பும்போதெல்லாம் இதைச் சொல்வார். ராசிக்குச் சுழி பார்த்தவன் என்ன ஆனான் என்பது மட்டும் எத்திராஜுக்கு மறந்துபோயிற்று. மாமாவும் போய்ச் சேர்ந்துவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை.

அன்று காலை ஷேர் ஆட்டோவில், மடியில் உயரமான கண்ணாடி ஜாடி ஒன்றை அணைத்துக்கொண்டு வரும்போது அந்தப் பாதி வாசகம் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. ஜாடியை ஈரத் துண்டால் சுற்றியிருந்தார்.

பக்கத்தில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் துண்டைப் பார்த்தார்.

"இன்னா நைனா அது, தயிரா?"

"மீன்."

"எத்தினி?"

"ஒண்ணு."

"ஒண்ணு கொழம்புக்குக் காணுமா?"

எத்திராஜ் துண்டை இழுத்து மூடினார். உள்ளே இருந்தது ஆண் ஃபைட்டர் மீன். வெள்ளை உடம்பு, நீல வால். ஆறு வருஷத்து வேலை.

எத்திராஜுக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. லேத் ஓட்டிக்கொண்டிருந்த கம்பெனியை மூடியபிறகு, மொட்டைமாடியில் மீன் வளர்க்கத் தொடங்கினார். கற்றுக்கொடுத்தவர் பிலோமினா. எத்திராஜைவிடப் பத்து வயது சின்னவர். ஃபைட்டரில் ஜோடி சேர்த்து நினைத்த வாலைக் கொண்டுவருவதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்சியவர் கிடையாது. அது அவருக்கும் நன்றாகத் தெரியும். எத்திராஜ் அவரை வாத்தியாரே என்று கூப்பிடுவார். அவர் எத்திராஜை அண்ணா என்று கூப்பிடுவார். அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டேதான் திட்டுவார்.

பிலோமினா மாடியில் தொட்டிகளுக்குக் கல் உப்பு போட்டுக்கொண்டிருந்தார். நைட்டிக்கு மேல் ஒரு துண்டு. உப்பை அள்ளியது பெங்களூர் அழகுமீன் போட்டியில் ஜெயித்த கோப்பையால். இன்னும் இரண்டு கோப்பைகள், தார்ப்பாய் காற்றில் தூக்காமலிருக்க ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தன.

"வாங்கண்ணா. இன்னா மூஞ்சி செத்த மீனாட்டம் இருக்கு?"

"மீன் இன்னும் சாவல, வாத்தியாரே."

"அது வரைக்கும் சந்தோஷம். உக்காருங்க."

எத்திராஜ் ஜாடியைத் தொட்டியின் விளிம்பில் வைத்துத் துண்டைப் பிரித்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன முகக்கண்ணாடி ஒன்றை எடுத்து ஜாடியின் பக்கத்தில் பிடித்தார். ஃபைட்டர் வளர்ப்பவர்கள் எல்லோரிடமும் அது இருக்கும். மீன் தன் உருவத்தை எதிரி என்று நினைத்துக்கொண்டது. செவுளை விரித்தது. வாலைத் திறந்தது.

வால் முழுசாகத் திறந்தால் மேல் ஓரமும் கீழ் ஓரமும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும். பாதி நிலா மாதிரி. ஹாஃப்மூன் என்பார்கள். ஒரு இழை குறைந்தாலும் அது ஹாஃப்மூன் இல்லை. இந்த மீனின் வால் விரிப்பில் ஒரு இழையும் குறையவில்லை.

ஆனால் நடுவில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, ஒரு துண்டு இல்லை.

"யாரு கடிச்சது?" என்றார் பிலோமினா.

"யாரும் இல்ல. தனியாத்தான் வெச்சிருக்கேன். தானே கடிச்சிக்குது."

"என்ன செஞ்சீங்க?"

"உப்பு போட்டேன். பாதாம் எல போட்டேன். கறுப்புத் துணி சுத்தி வெச்சேன். தெனம் தண்ணி மாத்தினேன். மாத்தாமலும் இருந்து பாத்தேன்."

"மந்திரிச்சீங்களா?"

"கிண்டல் பண்ணாதீங்க, வாத்தியாரே."

"இல்லண்ணா, அது ஒண்ணுதான் பாக்கி. அதான் கேட்டேன்."

எத்திராஜ் கவிழ்த்துவைத்த பக்கெட்டின்மேல் உட்கார்ந்தார். 

"அடுத்த மாசம் போட்டி. கடிக்கிறத நிறுத்திச்சின்னா அதுக்குள்ள வால் வளந்துடும். அது ஒரு பக்கம். அது கூடப் பரவால்ல."

"எது பரவால்ல இல்ல?"

"ஜோடி சேர மாட்டேங்குது. ரெண்டு தரம் பொண்ணோட விட்டேன். நுரைக்கூடு அழகாக் கட்டுது. பொண்ணும் வருது. வந்தா ஒடம்பால வளைச்சுப் பிடிச்சாத்தானே முட்ட விழும்? அங்கதான் முடியல. சுத்திச் சுத்திப் பாக்குது. அப்புறம் வந்து எல மேல சாஞ்சுக்குது."

"ம்."

"ஆம்பள மீன் இது ஒண்ணுதான் மிச்சம். இதுக்குக் குஞ்சு வரலன்னா வம்சம் முடிஞ்சுது. ஆறு வருஷமா மாடியில இன்னா கிழிச்சேன்னு கோமளா கேட்டா, கையக் காட்ட ஒண்ணும் இருக்காது."

கோமளா எத்திராஜின் மனைவி.

"கேட்டாங்களா?"

"கேக்கல. கேக்காம இருக்கறதுதான்..."  ஜாடியைக் காட்டினார். "ஏன் கடிக்குது, வாத்தியாரே? அத மட்டும் சொல்லுங்க. மத்தத நான் பாத்துக்கறேன்."

பிலோமினா கையை நீட்டினார். எத்திராஜ் புரியாமல் முகக்கண்ணாடியைக் கொடுத்தார். பிலோமினா அதை நைட்டிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"நான் மார்க்கெட் வரைக்கும் போறேன். வர்ற வரைக்கும் பாத்துட்டிருங்க."

"எத?"

"மீன."

"அதத்தானே ஆறு வருஷமா பாக்கறேன்."

"கண்ணாடி வெச்சுப் பாத்தீங்க."

"கண்ணாடி வெக்காம வால் எப்படித் தெரியும்?"

"தெரியாது," என்று சொல்லிவிட்டு பிலோமினா படியிறங்கினார். முட்டிவலி. ஒவ்வொரு படிக்கும் ஒரு தடவை ஆண்டவரைக் கூப்பிட்டுக்கொண்டே போனார்.

எத்திராஜ் பார்த்தார்.

கோபம் போன மீன் வாலை மூடிக்கொண்டது. மூடிய வால் பின்னால் தொங்கியது. மீன் அடியில் கிடந்தது. எத்திராஜுக்குக் கொட்டாவி வந்தது. நிழல்வலையின் ஓட்டை வழியாக வெயில் முழங்காலில் விழுந்தது. பக்கெட்டைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டார். பக்கத்து மாடியில் யாரோ மிளகாய் காயவைத்தார்கள். மீன் மேலே போயிற்று. கீழே வந்தது.

பிலோமினா பையோடு திரும்பிவந்தார்.

"என்ன பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல. சும்மாதான் இருக்கு."

"சும்மா எப்படி இருக்கு?"

"சும்மான்னா சும்மா."

"இன்னும் பாக்கலண்ணா நீங்க. நான் சோறு வடிக்கணும்."

"வாத்தியாரே, மருந்து இருந்தா குடுங்க. நான் போயிடறேன். வெயில் வேற."

"தொப்பி இருக்கு, குடுக்கட்டுமா?"

தொப்பியைக் கொடுத்துவிட்டு மறுபடியும் இறங்கிப்போனார்.

எத்திராஜ் கோபத்தோடு பார்த்தார். கோபம் கொஞ்ச நேரத்தில் தீர்ந்தது. தீர்ந்தபிறகு பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஃபைட்டருக்குத் தண்ணீரில் இருக்கும் காற்று போதாது. மேலே வந்து ஒரு வாய் காற்றெடுத்துக்கொண்டு போக வேண்டும். எத்திராஜுக்கு இது முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். தெரிந்த விஷயம் என்பதால் அதை அவர் பார்த்ததே இல்லை.

மீன் அடியிலிருந்து கிளம்பியது. முதலில் உடம்பு ஏறியது. வால் பின்னால் வந்தது. பாதி உயரத்தில் உடம்பு நின்றுவிட்டது. செருகிவைத்திருந்த பாதாம் இலையில் பக்கவாட்டாகச் சாய்ந்தது. செவுள் வேகமாக அடித்துக்கொண்டது. மறுபடி கிளம்பியது. மேற்பரப்பை எட்டி ஒரு வாய் வாங்கியது. அதோடு விட்டுவிட்டது. வால் இழுத்த இழுப்பில் கீழே வந்துசேர்ந்தது. இறங்குவதற்கு அது ஒன்றுமே செய்யவில்லை.

வந்து சேர்ந்ததும் மறுபடி காற்று தேவைப்பட்டது.

எத்திராஜ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

பிலோமினா தட்டோடு வந்தார். சோறும் கருவாட்டுக் குழம்பும். எத்திராஜ் ஜாடியைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"சாப்பிடுங்கண்ணா. அதுக்குச் சொந்தமில்ல, இது நெத்திலி."

எத்திராஜ் சாப்பிட்டார். நாலு வாய்க்கு ஒரு தடவை ஜாடியைப் பார்த்தார். பிறகு வாய்க்கு ஒரு தடவை பார்த்தார்.

"நீங்க ஏன் இப்பல்லாம் போட்டிக்குப் போறதில்ல, வாத்தியாரே?"

"முட்டிவலி."

"மீனத்தானே அனுப்பணும்?"

"குழம்பு போதுமா?"

எத்திராஜ் போதும் என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவிவந்து உட்கார்ந்தபோது அது நடந்தது. இலைமேல் சாய்ந்திருந்த மீன் சட்டென்று வளைந்தது. நாய் வாலைத் துரத்துவதுபோல ஒரு சுற்று சுற்றியது. வாலின் நடுவைக் கவ்வியது. உடம்பை உதறிப் பிய்த்தது. பிய்த்ததைத் தின்னவில்லை, துப்பியது. நீலமாக ஒரு நூல் தண்ணீருக்குள் மெல்ல இறங்கியது.

பிறகு மீன் மேலே போயிற்று. பாதியில் நிற்கவில்லை.

எத்திராஜ் ஜாடியருகே குனிந்தார். பிலோமினா வந்து பக்கத்தில் நின்றது கூட அவருக்குத் தெரியவில்லை.

"இப்ப என்ன பண்ணுது?"

"கனம் தாங்கல, வாத்தியாரே. அதுக்குக் கனம் தாங்கல."

 பிலோமினா பிளாஸ்டிக் மக்கை எடுத்து ஜாடியிலிருந்து தண்ணீரை முகந்து முகந்து வெளியே ஊற்றினார். தண்ணீர் பாதிக்கும் கீழே இறங்கியது. இப்போது அடியில் கிடந்தபடியே மீன் தலையைத் தூக்கினால் காற்று. அது தலையைத் தூக்கி ஒரு வாய் வாங்கிக்கொண்டது. மறுபடி ஒரு வாய்.

"ஜாடி ஏண்ணா இவ்ளோ ஒசரம்?"

"வால் நல்லாத் தெரியும்னு."

"சரி."

பிலோமினா மக்கைக் கவிழ்த்துவைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு பக்கெட்டில் உட்கார்ந்தார்.

"இதோட அண்ணன் தம்பிங்கல்லாம் எங்க?"

"கழிச்சிட்டேன்."

வால் சரியில்லாத குஞ்சுகளை எடுத்து ஒதுக்குவதற்கு அந்தத் தொழிலில் கழிப்பது என்று பெயர். ஒரு தடவை பொரித்தால் முந்நூறு நானூறு குஞ்சு வரும். அத்தனையையும் ஆளுக்கொரு ஜாடியில் வைத்து வளர்க்க யாராலும் முடியாது. நாலைந்தை வைத்துக்கொண்டு மற்றவற்றைப் பெரிய மீனுக்குப் போட்டுவிடுவார்கள்.

"எதுல போட்டீங்க?"

"விரால் தொட்டியில."

"ஆறு வருஷமா எல்லாம் அதுலயேவா?"

"வேற எங்க போடறது?"

"விரால் எப்படி இருக்கு?"

"அதுக்கின்னா? என் முழங்கை நீளம் இருக்கு. மினுமினுன்னு."

"வால் எப்படி?"

"விராலுக்கு வால யாரு பாத்தா?"

"அப்ப இந்த ஆறு வருஷத்துல நீங்க நல்லபடியா வளத்தது விரால்தாண்ணா."

எத்திராஜ் எழுந்துவிட்டார். பக்கெட் உருண்டது.

"கழிக்கச் சொல்லிக்குடுத்தது யாரு? நீங்கதானே?"

"ஆமா."

"அகலத்தப் பாத்து எடு, மத்ததப் பாக்காதன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"அப்பனோட பொண்ணச் சேரு, அண்ணனோட தங்கச்சியச் சேரு, அப்பத்தான் வால் நிக்கும்னு சொன்னது?"

"அதுவும் நான்தான்."

"அப்புறம் இன்னா விரால், கிராலுன்னு?"

"தப்பு சொல்லலண்ணா. நல்லாத்தான் கத்துக்கிட்டீங்க. இவ்ளோ அகலம் நான்கூடக் கொண்டாந்ததில்ல. இதுக்கு மேல ஒரு வால நான் பாத்ததில்ல."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்திராஜ் ஆறு வருஷம் காத்திருந்தார். மாடிப்படி ஏறும்போது, தீனிப்புழு அலசும்போது, விடியற்காலையில் தண்ணீர் மாற்றும்போது எல்லாம், பிலோமினா இதைச் சொல்வது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறார். இப்போது சொல்லிவிட்டார். அதை எங்கே வைத்துக்கொள்வது என்று எத்திராஜுக்குத் தெரியவில்லை. உருண்ட பக்கெட்டை எடுத்துவந்து போட்டு உட்கார்ந்தார்.

வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து மாடியில் மிளகாயை வாரினார்கள். இரண்டு பேரும் தும்மினார்கள்.

"அலுப்பா இருக்கு, வாத்தியாரே."

"இருக்கும்."

"இப்ப இன்னா பண்றது?"

பிலோமினா உள்ளே போய்ச் சின்னக் கத்தரிக்கோல் ஒன்றும், தண்ணீரில் நனைத்த பஞ்சும் கொண்டுவந்தார். இரண்டையும் எத்திராஜின் முன்னால் வைத்தார்.

"வழி இருக்கு. வால வெட்டிவிட்டா ஒடம்பு லேசாயிடும். பொண்ண வளைச்சுப் பிடிக்கும். சதையத் தொடாம வெட்டணும். நகம் வெட்டற மாதிரிதான், வலிக்காது."

"வெட்டினா போட்டி?"

"போட்டி போகும்."

"வம்சம்?"

"வம்சம் நிக்கும். வால்தானே போகுது? ரத்தத்துல இருக்கற வால் எங்கயும் போகாது."

எத்திராஜ் கத்தரிக்கோலைப் பார்த்தார். போட்டி போகட்டும். அடுத்த வருஷமும் போட்டி வரும். வம்சம் நின்றால் போதும். காலையிலிருந்து முதல்முறையாக அவர் தோள் கொஞ்சம் இறங்கியது.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா காலையிலயே வேல முடிஞ்சிருக்கும்."

"முடிஞ்சிருக்கும்."

"வெயில்ல வேற உக்காரவெச்சீங்க."

"தொப்பி குடுத்தேனே."

எத்திராஜ் சிரித்தார். கத்தரிக்கோலை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்தார். லேத் ஓட்டிய கை. பிடி தானாக அமைந்தது.

"குஞ்சுங்களுக்கு இதே வால் வருமில்ல?"

"வரும்."

"இதே அகலமா?"

"நீங்க எடுக்கற மாதிரி எடுத்தா, இதவிட அகலமா வரும்."

எத்திராஜ் வலையால் மீனை ஏந்தி ஈரப் பஞ்சின்மேல் விட்டார். தண்ணீர் இல்லாத இடத்தில் வால் ஒரு நீலப் பிசிறாக ஒட்டிக்கொண்டது. அதன் நேர்கோடோ அகலமோ எதுவும் அங்கே தெரியவில்லை. வாய் மட்டும் திறந்து திறந்து மூடியது. கத்தரிக்கோல் வாலுக்கு மேலே வந்து நின்றது.

"சீக்கிரம்ணா. ரொம்ப நேரம் வெளிய வெக்கக் கூடாது."

எத்திராஜ் தலையைத் தூக்காமல் கேட்டார்:

"அதுங்களும் கடிக்குமா, வாத்தியாரே?"

"அதுங்களுக்கும் வாய் இருக்குமேண்ணா."

எத்திராஜ் வாலை வெட்டினார். மீனைத் தண்ணீரில் விட்டார். அதற்குப் பிறகு அதை எந்தப் பெண்மீனோடும் சேர்க்கவில்லை.